தொட்டிலில் மலர்ந்த தாமரை

பிறந்த குழந்தைக்குப் பெயரிடுதல் சிறிய காரியம் போலத் தோன்றும். உற்றாரும் உறவினரும் கூடி, தொட்டில் கட்டி, குழந்தையின் காதில் ஒரு சொல்லை மும்முறை ஓதிவிட்டால் சடங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சொல்லோ அன்றோடு முடிவதில்லை. பள்ளிப் பதிவேட்டிலும், சம்பளப் புத்தகத்திலும், திருமண அழைப்பிதழிலும் அது மனிதனுக்கு முன்னே நடக்கிறது. இறுதியில் அவன் மறைந்த பின்னும் சில காலம் நின்று பேசுகிறது. ஆகவே, ஒரு சமூகம் தன் குழந்தைகளுக்கு எப்பெயரைத் தேர்ந்தெடுக்கிறது, அதனை எங்கிருந்து எடுக்கிறது என்பதை ஆராய்வது, அச்சமூகத்தின் உள்ளத்தை ஆராய்வதாகவே முடியும்.

தோட்டத்துச் செக்குரோலில் நாள்தோறும் பெயர் எழுதுவது நமது தொழில். பழைய புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் பெயர்கள் மண்ணின் அடுக்குகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருப்பதைக் காண்கிறோம். அடியிலே முனியன், காத்தான், குப்பன், மாரியாயி. அதற்கு மேலே வள்ளியம்மை, கமலம், சரோஜா. அதற்கும் மேலே செந்தாமரை, அல்லி, மலர்விழி, பூங்கோதை. எல்லாவற்றிற்கும் மேலே இக்காலத்து ஷகரமும் ஜகரமும் நிறைந்த பெயர்கள். இவற்றுள் நடுவேயுள்ள இரண்டு அடுக்குகளிலும் பூவும் கொடியும் மிகுந்திருப்பதை எவரும் காணலாம். இந்தப் பூக்கள் எங்கிருந்து வந்தன? தோட்டத்திலிருந்து வந்தன அல்ல. கதையிலிருந்து வந்தன என்பதே நமது கட்சி.

இதற்கு ஒரு சான்று நம் கண்முன்னே நிற்கிறது. 1877-ம் ஆண்டில் ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பின்னர் அம்மரம் இந்நாட்டின் செல்வமாயிற்று. நம்மவரைப் பல தலைமுறையாக உண்பித்தது. அதன் பின் செம்பனை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஆயினும், எந்தத் தாயாவது தன் மகளுக்கு அந்த மரங்களின் பெயரைச் சூட்டியதை நாம் கண்டதில்லை. அழகில்லாமையால் என்று கூறுவதும் பொருந்தாது. வள்ளி என்பது கிழங்கு விடும் ஒரு கொடியின் பெயர்தானே? வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கண்டெடுக்கப்பட்ட பெண் என்ற கதையும், அவளுடைய தினைப்புனமும், அவளைத் தேடிவந்த காதலனும் சேர்ந்தன்றோ அக்கொடியின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன? செடி தானாகப் பெயராவதில்லை. கதை அதனைக் கையிலெடுத்து மனிதரிடம் கொடுக்கும்போதே அது பெயராகிறது.

தமிழருக்குச் செடி கொடிகளின் பெயரால் உலகத்தை அழைக்கும் வழக்கம் புதியதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து நிலங்களுக்கும் நம் முன்னோர் பூவும் மரமும் கொண்டே பெயரிட்டனர். காஞ்சி ஒரு மரம். தில்லை ஒரு மரம். நாம் குடியேறிய இம்மண்ணிலும் அவ்வழக்கம் உண்டு. மலாக்கா என்பது நெல்லி மரத்தின் பெயர் என்பர். ஈப்போ என்பது நச்சுப்பால் வடியும் ஒரு மரத்தின் பெயர். ஊருக்கு மரத்தின் பெயர் வருவதற்கு அந்த மரம் அங்கே நின்றால் போதும். மகளுக்கு மலரின் பெயர் வருவதற்கோ இடையிலே ஒரு கதாநாயகி வேண்டும்.

நமது மொழியில் அத்தகைய கதாநாயகியரில் மூத்தவள் மாதவி. மாதவி என்பது குருக்கத்திக் கொடிக்கு வழங்கும் பெயர். சிலப்பதிகாரம் அவளுக்கு ஆடலும் பாடலும் துறவும் தந்தது. ஆனால் அந்நூல் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளிலேயே அடங்கிக் கிடந்தது. உ. வே. சாமிநாதையர் 1892-ம் ஆண்டில் அதனை நன்கு ஆராய்ந்து உரையுடன் பதிப்பித்தார். மணிமேகலையை 1898-ம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பிறகே கண்ணகி, மணிமேகலை, இளங்கோ என்னும் பெயர்கள் கற்றவர் வீடுகளிலும், பின்னர்ச் சீர்திருத்தக்காரர் வீடுகளிலும் தழைக்கலாயின. ஒரு பெயரின் பழைமை மட்டும் போதாது. அது மக்கள் கையில் புத்தகமாகச் சேர வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

எழுத்தறியாதவர் கையில் புத்தகம் ஏது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. அவர்களுக்குப் புத்தகத்தின் வேலையைக் கூத்தும் நாடகமும் செய்தன. பெரிய எழுத்துப் பதிப்புகளாக விற்ற அல்லி அரசாணி மாலையையும் பவளக்கொடி மாலையையும் ஒருவர் இராகம் போட்டுப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். அல்லி நீரில் பூக்கும் மலர். கதையிலோ மதுரையை ஆண்ட அரசி, எவர்க்கும் அஞ்சாதவள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இக்கதைகளையும் வள்ளி திருமணத்தையும் நாடகமாக்கினார். நாடகக் கம்பெனிகள் அவற்றை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. 1934-ம் ஆண்டில் பவளக்கொடி பேசும்படமாக வந்தபோது, தியாகராஜ பாகவதர் அதிலேயே முதன்முதலில் திரையில் தோன்றினார். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு தாயும் தன் மகளுக்கு அரசியின் பெயரை வைக்க இவ்வாறு வழி பிறந்தது.

நிற்க. இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயரின் வரலாற்றைப் பார்ப்போமாயின் இது இன்னும் தெளிவாகும். ஷேக்ஸ்பியர் ஏறக்குறைய 1601-ம் ஆண்டில் எழுதிய பன்னிரண்டாம் இரவு என்னும் நாடகத்தில் இரண்டு பெண்கள் வருகின்றனர். ஒருத்தி வயோலா, ஓர் ஊதாப் பூவின் பெயர் கொண்டவள்; மற்றொருத்தி ஒலிவியா, ஒலிவ மரத்தை நினைவூட்டும் பெயர் கொண்டவள். நானூறு ஆண்டு கடந்து, அமெரிக்காவில் 2019-ம் ஆண்டு தொடங்கிப் பெண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் முதலிடம் பெற்றது ஒலிவியாவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டார் டெய்சி, வயலட், லில்லி, ஐவி, ஹேசல் எனத் தோட்டம் முழுவதையும் தொட்டிலுக்குக் கொண்டுவந்தனர். அக்காலத்தில் பெரிதும் படிக்கப்பட்ட நாவலாசிரியை சார்லட் யங், 1856-ம் ஆண்டில் டெய்சி மாலை என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு குடும்பக் கதை எழுதினார். அவரே 1863-ம் ஆண்டில் கிறிஸ்தவப் பெயர்களின் வரலாற்றையும் ஒரு பெரிய நூலாக எழுதினார். கதை எழுதுவோர் பெயர் விஷயத்தில் எவ்வளவு கருத்தாக இருந்தனர் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

இன்னோர் உதாரணம். மார்கரெட் மிச்செல் 1936-ம் ஆண்டில் வெளியிட்ட காற்றோடு போயிற்று என்னும் நாவலில் ஆஷ்லி என்றொரு ஆடவன் வருகிறான். ஆஷ் மரங்கள் நிறைந்த வெளி என்பது அச்சொல்லின் பொருள். முதலில் ஆண் மக்களுக்கு வழங்கிய அப்பெயர், நாளடைவில் பெண் பெயராக மாறி, 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கப் பெண் குழந்தைகளின் பெயர்களில் முதலாவதாக நின்றது. நாவல் அதனைப் பலர் அறியச் செய்தது. பிற்காலத் தொலைக்காட்சித் தொடரின் பெண் பாத்திரம் அதனைப் பெண்பாலாக்க உதவியது. ஆஷ் மரத்தில் கண்ணைப் பறிக்கும் பூ ஏதும் இல்லை என்பதையும் கருதுக.

ஆனால் கதை புகழ் பெற்றால் அதிலுள்ள பெயரெல்லாம் பரவிவிடும் என்று எண்ணுதல் கூடாது. நம் அண்டை வீட்டாராகிய மலாய்க்காரரிடையே பாவாங் பூத்தே, பாவாங் மேரா என்னும் இரு பெண்களின் கதை மிகப் பிரசித்தம். வெள்ளைப் பூண்டு, சின்ன வெங்காயம் என்பன அப்பெயர்களின் பொருள். 1959-ம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது. ஆயினும் மெலுர், மெலாத்தி, செம்பாக்கா என்னும் பூக்களின் பெயர்களை விரும்பிச் சூட்டும் அவர்கள், வெங்காயத்தின் பெயரைச் சூட்டக் கண்டதில்லை. கதையோடு கண்ணியமும் வேண்டும். தன் குழந்தையைப் பிறர் எவ்வாறு அழைக்க வேண்டும் என்று பெற்றோர் கருதுகிறாரோ, அந்த மதிப்பு பெயரில் இருந்தாக வேண்டும்.

இனி நம் தமிழ் நாவல்களுக்கு வருவோம். தாமரை என்னும் ஒரே மலரைப் பின்தொடர்ந்து சென்றால் இவ்வரலாறு முழுவதும் கண்ணுக்குப் புலப்படும்.

தமிழ் நாவல் பிறந்த காலத்திலேயே அதன் கதாநாயகி தாமரையாக இருந்தாள். ஆனால் தாமரை என்ற பெயரோடு இருக்கவில்லை. ராஜமையர் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் எழுதி, 1896-ம் ஆண்டில் நூலாக வந்தது கமலாம்பாள் சரித்திரம். மாதவையா 1898-ம் ஆண்டில் வெளியிட்டது பத்மாவதி சரித்திரம். கமலமும் தாமரை, பத்மமும் தாமரை. அக்காலத்து நகரத்துக் குடும்பங்களில் கமலா, பத்மா, சரோஜா, பங்கஜம், அம்புஜம், நளினி என ஒரே பூ ஆறு பெயர்களில் உலாவிற்று. அந்த ஆறும் வடசொல்லே. தாமரை என்று பெயர் வைத்தால் கண்ணியக் குறைவு என்ற எண்ணம் படித்தவர்களிடம் இருந்தது. சொந்த மொழியில் அதே பூவைச் சொல்ல நாணிய காலம் அது.

அந்த நாணத்தைப் போக்கியது தனித்தமிழ் இயக்கம். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகளார், 1916-ம் ஆண்டில் அவ்வியக்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1911-ம் ஆண்டில், ஓர் ஆங்கில நாவலைத் தழுவி அவர் எழுதிய கதைக்குக் குமுதவல்லி என்று பெயர். குமுதம் ஆம்பல், வல்லி கொடி. அப்போதும் வடமொழி வாடை முற்றும் நீங்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, பாரதிதாசன் 1938-ம் ஆண்டில் வெளியிட்ட எதிர்பாராத முத்தத்தில் பூங்கோதை வருகிறாள். பூவும் தமிழ், கோதையும் தமிழ். அக்காவியம் 1950-ம் ஆண்டில் பொன்முடி என்ற திரைப்படமாகவும் வந்தது. இளமையில் சில காலம் தாலுக்கா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பின் தமிழ்ப் பேராசிரியராக உயர்ந்த மு. வரதராசனார், தம் முதல் நாவலுக்கு 1946-ம் ஆண்டில் செந்தாமரை என்றே பெயரிட்டார். 1950-ல் மலர்விழி வந்தது. 1952-ல் அல்லி வந்தது. கமலாம்பாளுக்கும் செந்தாமரைக்கும் இடையே ஐம்பது ஆண்டு. பூ ஒன்றுதான், அதனைத் தன் மொழியில் அழைக்கத் தமிழனுக்கு ஐம்பது ஆண்டு ஆயிற்று.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையைக் கூறாமல் விட இயலாது. நல்ல பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாத் தமிழருக்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை. தாய்நாட்டிலே தாழ்த்தப்பட்டோர் தம் பிள்ளைக்கு மதிப்பான பெயர் வைத்தால், அது மேல்சாதியாருக்கு இழைத்த குற்றமாகக் கருதப்பட்ட ஊர்கள் உண்டு. வைத்த பெயரையும் சிதைத்து அழைப்பதே வழக்கமாயிருந்தது. கப்பலேறி வந்தபோது அந்த வழக்கத்தின் நிழலும் உடன் வந்தது. ஆகவே ஒரு பால்மரத் தொழிலாளி தன் மகளுக்கு மலர்விழி என்று பெயர் வைத்தது அழகுக்காக மட்டும் வைத்ததன்று. யாரிடமும் அனுமதி கேளாமல், ஒரு நூலின் நாயகிக்குச் சமமாகத் தன் மகளை நிறுத்தியதாகும் அது. சுயமரியாதை இயக்கத் தலைவர் பெரியார் 1929-ம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்ததும், அதன் பின் இங்கே சீர்திருத்தச் சங்கங்களும் பத்திரிகைகளும் பெருகியதும் இத்துணிவுக்கு உரமாயின.

அதற்காகப் பழைய பெயர்களை ஏளனம் செய்வோரோடும் நாம் சேர மாட்டோம். முன் பிறந்த பிள்ளைகள் தவறிப் போக, இதுவாவது தங்கட்டும் என்று குப்பையிலே கிடத்தி எடுத்துக் குப்பன் என்று பெயரிட்ட தாயின் கண்ணீரை நாம் அறிவோம். முனியனும் மாரியாயியும் குலதெய்வத்தின் பெயர்கள். அப்பெயர்களைத் தாங்கியோர் காடழித்து இந்நாட்டை உண்டாக்கினர். இழிவு பெயரிலே இல்லை; வேறு பெயர் வைக்கக் கூடாது என்று தடுத்த கையிலே இருந்தது.

கதைகள் கடல் கடந்து இங்கே எப்படி வந்தன? 1926-ல் தோன்றிய ஆனந்த விகடன், 1932-ல் தோன்றிய கலைமகள், 1941-ல் தோன்றிய கல்கி, 1947-ல் தோன்றிய குமுதம் ஆகிய பத்திரிகைகள் ஆட்களையும் அஞ்சலையும் சுமந்து வந்த கப்பல்களில் வந்து சேர்ந்தன. குமுதம் என்பதே ஆம்பல் மலரின் பெயர் என்பதை வாசகர் மறக்க வேண்டாம். 1924-ல் தோன்றி 2019 வரை நடந்த தமிழ் நேசனும், 1935-ல் தோன்றிய தமிழ் முரசும் இங்கேயே கதைகளை அச்சிட்டு வழங்கின. தோட்டத்திலோ ஒரு பிரதி ஒருவருக்கென்று இருந்ததில்லை. கிராணியார் வீட்டிலிருந்து ஆசிரியர் வீட்டுக்கும், அங்கிருந்து லயத்துக்கும் அது நடந்து செல்லும். எழுத்தறிந்த பிள்ளை உரக்கப் படிக்க, அடுப்படியிலிருந்து பெண்கள் கேட்பர். தொடர்கதைத் தாள்களைக் கிழித்தெடுத்துத் தைத்துப் புத்தகமாக்கி வைத்த மூதாட்டியரின் பெட்டிகளை நாமே கண்டிருக்கிறோம். வாரந்தோறும் ஒருத்தியின் சுகதுக்கத்தை ஓராண்டு, ஈராண்டு கேட்டு வந்தால், அவள் கதைப்பெண்ணாக இருப்பதில்லை, வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள். அந்த ஆண்டில் பிறக்கும் குழந்தைக்கு அவள் பெயர் வருவதில் வியப்பென்ன?

கதையே பெயருக்குக் காரணம் என்பதை எவ்வாறு உறுதி செய்வது என்று ஐயுறுவோர்க்கு நா. பார்த்தசாரதியின் (1932–1987) குறிஞ்சி மலர் விடை கூறும். 1960-ம் ஆண்டை ஒட்டிக் கல்கியில் தொடராக வந்த அந்நாவலின் நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி. அதனைப் படித்த பலர் தம் மக்களுக்கு அவ்விரு பெயர்களையும் சூட்டினர் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. அரவிந்தம் என்பதும் தாமரையே. ஆயின், புதுவையில் வாழ்ந்து 1950-ல் மறைந்த அரவிந்தரை எண்ணி அப்பெயரை வைத்தோரும் இருக்கக் கூடுமன்றோ? இருக்கலாம். ஆனால் அண்ணன் அரவிந்தன், தங்கை பூரணி என்று ஒரே வீட்டில் இருவரைக் காணும்போது ஐயத்துக்கு இடமில்லை. தனிப் பெயருக்கு நூறு காரணம் உண்டு. இணைப் பெயருக்குக் காரணம் அந்தக் கதை ஒன்றே.

இதில் நாம் வியக்கத்தக்கது இன்னொன்று உண்டு. கதையில் அரவிந்தன் இளமையிலேயே இறந்துவிடுகிறான். அற்பாயுளில் மறைந்தவன் பெயரைக் குழந்தைக்கு வைத்தல் ஆகாது என்பது நம்மவரின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பெற்றோர் பொருட்படுத்தவில்லை. அவனுடைய ஆயுளைப் பாராமல் ஒழுக்கத்தைப் பார்த்தனர். பிரசங்கத்தால் பெயர்க்க இயலாத ஒரு சகுன அச்சத்தை, ஒரு தொடர்கதை ஓசையின்றிப் பெயர்த்துவிட்டது. தந்தையை இழந்து, தம்பி தங்கையரைத் தன் உழைப்பாலும் கல்வியாலும் காத்த பூரணியைத் தம் மகளுக்கு மாதிரியாகக் கொண்டதும் அத்தகைய மாறுதலே. அப்பெற்றோர் மகளிடம் விரும்பியது அழகை மட்டுமன்று. கல்வியையும் மனவுறுதியையும் விரும்பினர்.

இவ்வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாவலின் தலைப்பு தூய தமிழ்ப் பூவாகிய குறிஞ்சி. ஆனால் தொட்டிலுக்குச் சென்றதோ வடமொழித் தாமரையாகிய அரவிந்தம். செந்தாமரை வந்து பதினைந்து ஆண்டுக்குள் தாமரை மறுபடியும் பழைய ஆடையை உடுத்துக்கொண்டது! மக்கள் அகராதியைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, கதாபாத்திரத்தைப் பார்த்தே வைக்கின்றனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? தமிழ்ப் பெயர் வேண்டும் என்று மேடையில் முழங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. நல்ல தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு நல்ல கதை, நூறு மேடைப் பேச்சின் வேலையைச் செய்யும்.

இன்றைய நிலைமை யாது? எண் சோதிடரிடம் பணம் கொடுத்து, அவர் கூட்டியும் குறைத்தும் தரும் எழுத்துகளைப் பெயரென்று வாங்கி வருகிறோம். பொருள் கேட்டால் தந்தைக்கும் தெரியவில்லை, தாய்க்கும் தெரியவில்லை. பிறப்புப் பதிவிலே ழகரத்துக்கு ரோமன் எழுத்தில் இடமில்லாமல் மலர்விழி மலர்விலி ஆனபோது வருந்தினோம்; அதற்காவது உள்ளே ஒரு பூவும் ஒரு கண்ணும் இருந்தன. இப்போது வரும் பல பெயர்களில் சிதைவதற்கும் ஒன்றுமில்லை. இதற்குக் காரணம் பெற்றோரின் அறியாமை என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. காரணம் அதுவன்று. வீட்டில் கதை நின்றுவிட்டது. அடுப்படியில் கேட்ட படிக்கும் குரல் நின்றுவிட்டது. கதை வற்றிய வீட்டில் பெயரைத் தேடி வெளியே போகத்தானே வேண்டும்?

ஆதலால் நாம் பெற்றோரிடம் பெயர்ப் பட்டியல் எதையும் நீட்ட விரும்பவில்லை. வேண்டுவது இரண்டே. முதலாவது, குழந்தை பிறக்கும் முன் தாயும் தந்தையுமாக ஒரு தமிழ்க் கதையையாவது முழுவதும் படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் போதும். அதிலே மனத்துக்கு உகந்தவர் யாரேனும் நிச்சயம் வருவார். பெயரும் அவரோடு வரும். இரண்டாவது, ஏற்கெனவே மலரின் பெயரைத் தாங்கி நிற்கும் மகளிடம் அவள் யாருடைய பெயரைத் தாங்குகிறாள் என்பதைச் சொல்லிவையுங்கள். அல்லி என்னும் பெண்ணுக்குத் தன் பெயருக்குப் பின்னே ஓர் அரசி நிற்கிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நூல் தமிழ்ப் பள்ளியின் அலமாரியிலோ வீட்டுப் பெட்டியிலோ அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நாளைக் காலையிலும் நாம் செக்குரோலைத் திறந்து பெயர்களை எழுதுவோம். அன்று பணிக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்பதே அந்தப் புத்தகத்துக்கு வேண்டிய செய்தி. ஆனால் அப்பெயர்களுக்கு இடையே செந்தாமரை என்று ஒரு பெயர் வரும்போதெல்லாம், முன்னொரு நாள் ஏதோ ஒரு லயத்திலே மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் ஒருவர் படிக்க ஒருவர் கேட்டார் என்பதை நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த விளக்கை மீண்டும் ஏற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.